பாரிஸ் வேலைப் பயணம்: லீவு நாளை எங்கே வைப்பது?

சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஜூன் மூன்றாம் வாரம் அலுவலக வேலையாக பாரிஸ் போகிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை லா டிஃபான்ஸில் மீட்டிங். ஐரோப்பா போவது இதுதான் முதல் தடவை. தனியாகத்தான் போகிறேன், சைவம். இந்திய பாஸ்போர்ட், சிங்கப்பூர் பிஆர் (நிரந்தரவாசி). கையில் மூன்று நாள் லீவு இருக்கிறது. வேலை முடிந்த பிறகு அந்த மூன்று நாளையும் சேர்த்து ஊர் சுற்றலாம் என்று நினைக்கிறேன். சரியான யோசனையா?"

மூன்று நாளையும் பின்னால் சேர்க்க வேண்டாம் என்பதுதான் என் பதில். சிங்கப்பூரில் பல ஆண்டுகளாக அலுவலகப் பயணங்களை ஒழுங்கு செய்து வருகிறேன், நானும் போய் வந்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லாருமே செய்வது இதைத்தான்: வாரம் முழுக்க மீட்டிங் அறையும் ஹோட்டல் அறையுமாகக் கிடந்துவிட்டு, கடைசி மூன்று நாளில் ஊர் முழுவதையும் பார்த்துவிட ஓடுவார்கள். உங்களுக்கு இரண்டு வார இறுதிகளும் நான்கைந்து மாலைகளும் தானாகவே கிடைக்கின்றன. அவற்றைச் சரியாக அடுக்கினால் ஒரே ஒரு லீவு நாள் போதும். அதையும் பாரிஸில் செலவழிக்க வேண்டாம். எங்கே என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உடம்பின் கணக்கு. ஜூனில் பாரிஸ் நம்மைவிட 6 மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே மாலை 6 மணிக்கு மீட்டிங் முடியும்போது உங்கள் உடம்புக்கு நள்ளிரவு. அங்கே விடிகாலை 4 மணிக்கு உடம்புக்குக் காலை பத்து. கண் தானாகத் திறந்துகொள்ளும். உடம்பு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், சற்றுக் கூடுதலாகத்தான் நகர்ந்து கொடுக்கும். அதனால் முதல் மூன்று நாள் உங்களுக்குக் காலை நேரம் பொன், மாலை வீண். புதன்கிழமை வாக்கில் நிலைமை மாறும், மாலைகள் உங்கள் கைக்கு வந்துவிடும்.

அடுத்தது ஊரின் கணக்கு. பாரிஸின் பெரிய அருங்காட்சியகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விடுமுறை நாள் உண்டு, சிலவற்றுக்கு ஓர் இரவு நாளும் உண்டு. லூவ்ர் செவ்வாயன்று மூடியிருக்கும். புதனும் வெள்ளியும் இரவு 9 வரை திறந்திருக்கும். ஒர்சே திங்களன்று மூடல். வியாழனன்று இரவு 9.45 வரை. வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள்தான் விடுமுறை. அதாவது உடம்பு தெளியும் அதே புதன், வியாழன், வெள்ளியில்தான் ஊரும் இரவில் கதவைத் திறந்து வைக்கிறது. இந்த இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று இவ்வளவு அழகாகப் பொருந்துவது பாரிஸில்தான். வேலைப் பயணமாகப் போகிறவர்களுக்கு இந்த ஊரை நான் மனதாரப் பரிந்துரைப்பதும் அதனால்தான். வேலை முடிந்த பின் ஒட்டவைக்கும் திங்கட்கிழமையில் பாதிக் கதவுகள் சாத்தியிருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

எனவே வெள்ளி இரவு சிங்கப்பூரில் விமானம் ஏறுங்கள். நேரடி விமானம் ஏறத்தாழ 14 மணி நேரம் பறந்து சனி காலை இறக்கிவிடும். ஹோட்டல் அறை மதியம் இரண்டு மூன்று மணிக்கு முன்னால் கிடைப்பது அரிது. பெட்டியை வரவேற்பில் கொடுத்துவிட்டு வெளியே கிளம்பிவிடுங்கள். அன்று டிக்கெட் வாங்க வேண்டிய எதையும் வைக்காதீர்கள். தூக்கம் சொக்கும் கண்ணோடு ஓவியம் பார்ப்பது காசுக்கும் கேடு, ஓவியத்துக்கும் அவமரியாதை. சேன் நதிக்கரையில் நடங்கள். நோத்ர்தாம் தேவாலயத்தை வெளியிலிருந்து பாருங்கள், பக்கத்துத் தீவான இல் சேன் லூயியின் சந்துகளில் சுற்றுங்கள். ஜூனில் அங்கே சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகும். ஆண்டு முழுக்க ஏழு மணிக்கு இருட்டிப் பழகிய நமக்கு அது விநோதமாக இருக்கும். ஆனால் அந்த மாலை வெளிச்சம்தான் உடம்புக் கடிகாரத்தைத் தள்ளி வைக்கும் மருந்து. ஒன்பது மணி வரையாவது வெளிச்சத்தில் விழித்திருங்கள்.

ஞாயிறு விடிகாலை நாலு மணிக்கு விழிப்பு வரும். புரண்டு படுக்காமல் எழுந்துவிடுங்கள். ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும். சாக்ரே கேர் தேவாலயம் 6.30க்கே திறக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை. மோன்மார்த்ர் குன்றின் படிகளில் அந்த நேரத்தில் நீங்களும் புறாக்களும் சில உள்ளூர்க்காரர்களும்தான் இருப்பீர்கள். பகல் பதினொன்றுக்குப் போனால் அதே படிகளில் கையில் நூல் கட்டிவிட்டுக் காசு கேட்பவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். கையை மடக்கி வைத்துக்கொண்டு நிற்காமல் நடந்துவிட்டால் போதும்.

அங்கிருந்து இறங்கி கிமே அருங்காட்சியகத்துக்குப் போங்கள். இதைச் சுற்றுலாப் பட்டியல்கள் பெரும்பாலும் விட்டுவிடும், நான் விடமாட்டேன். 1889 முதல் பாரிஸில் இருக்கும் ஆசியக் கலைக்கான அருங்காட்சியகம் அது. 11ஆம் நூற்றாண்டுச் சோழர் கால நடராசர் செப்புத் திருமேனி ஒன்று அங்கே இருக்கிறது. தமிழ் மண்ணிலிருந்து அவ்வளவு தூரம் போய் நிற்கும் அந்தத் திருவடியின் முன்னால் நின்றபோது எனக்கு ஒரே நேரத்தில் பெருமிதமும் ஏக்கமும் வந்தன. கூட்டமும் குறைவு. காலை பத்து மணிக்குத் திறப்பார்கள்; செவ்வாய் விடுமுறை.

மதியச் சாப்பாட்டுக்கு லாசப்பல். பாரிஸ் தமிழர்கள் லா ஷப்பல் பகுதியை அப்படித்தான் சொல்வார்கள். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஃபோபூர் சேன் தெனி தெருவை ஒட்டி இருக்கிறது. 1983க்குப் பிறகு வந்து சேர்ந்த ஈழத் தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு. இடியப்பம், புட்டு, தோசை எல்லாம் கிடைக்கும். நடந்து போகும் தூரத்தில் மாணிக்க விநாயகர் ஆலயம். ஆகஸ்ட் கடைசியை ஒட்டி அந்தக் கோயிலின் தேர் பாரிஸ் தெருக்களில் வரும். சாலையில் தேங்காய் மலை மலையாக உடையும். உங்களுக்கு ஜூன் என்பதால் தேர் வாய்க்காது. ஜூன் 21 உங்கள் பயணத்துக்குள் விழுந்தால் அன்று மாலை வெளியே இருங்கள்: 1982 முதல் ஆண்டுதோறும் அந்த நாளில் பாரிஸ் முழுக்கத் தெருவோரம் இசை நடக்கிறது.

திங்கள், செவ்வாய் மாலைகளில் எதையும் திட்டமிடாதீர்கள். மீட்டிங்கில் சந்திப்பவர்கள் யாராவது இரவு விருந்துக்கு அழைத்தால் போங்கள், இல்லையென்றால் தூங்குங்கள்.

புதன் மாலை லூவ்ர். 2026 ஜனவரி முதல் ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 32 யூரோ. நேரம் குறித்து முன்பே பதிவு செய்துவிடுங்கள், ஆறரை மணி வாக்கில் எடுத்தால் இரண்டு மணி நேரம் நிதானமாக இருக்கும். மோனா லிசா முன்னால் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அத்தனையையும் பார்க்க முயன்றால் கால் வலிதான் நினைவில் நிற்கும். வியாழனன்று ஒர்சே. 1900இல் ரயில் நிலையமாகக் கட்டிய கட்டடம், 1986 முதல் அருங்காட்சியகம். நேராக ஐந்தாம் தளம் போய் மோனே, ரெனுவார் ஓவியங்களில் தொடங்கிக் கீழே இறங்குங்கள். 2019 தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் திறந்த நோத்ர்தாமும் வியாழனன்று இரவு பத்து வரை திறந்திருக்கும், அனுமதி இலவசம். இரண்டையும் ஒரே மாலையில் திணிக்காதீர்கள். ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் ஒர்சேயைச் சொல்வேன்.

வெள்ளி இரவு ஐஃபெல் கோபுரம். மேலே ஏற ஆசையிருந்தால் லிஃப்ட் டிக்கெட்டை இரண்டு மாதம் முன்பே இணையத்தில் பார்க்கத் தொடங்குங்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். ஏறாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. இருட்டிய பிறகு ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் கோபுரம் முழுக்க மின்னும், ஜூனில் அதற்கு இரவு 11 வரை காத்திருக்க வேண்டும். திரும்பும்போது மெட்ரோவில் கதவோரம் நின்றபடி போனைக் கையில் பிடிக்காதீர்கள். கதவு மூடும் நொடியில் பறித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

தங்கும் இடத்தைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். அலுவலகம் பெரும்பாலும் லா டிஃபான்ஸிலேயே அறை போட்டுவிடும். கண்ணாடிக் கோபுரங்கள் நிறைந்த வணிக வட்டாரம் அது, மாலையானால் வெறிச்சோடிவிடும். அதே செலவுக்குள் ஊருக்குள்ளே, மெட்ரோ 1ஆம் தடத்தில், ஷாத்லே அல்லது சேன் போல் நிலையத்தருகே தங்க அனுமதி கேளுங்கள். அந்தத் தடம் லா டிஃபான்ஸில் தொடங்கி ஷான்ஸ் எலிசே, லூவ்ர், பஸ்தீய் என்று ஊரின் நடுவே போகிறது. ஓட்டுநர் இல்லாத ரயில், மேடையில் கண்ணாடிக் கதவு. உங்கள் வடகிழக்குத் தட எம்ஆர்டி மாதிரியே இருக்கும். ஷாத்லேயிலிருந்து அலுவலகத்துக்கு இருபது நிமிடம் சொச்சம். அறையில் ஏசி உண்டா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். பழைய ஹோட்டல்கள் பலவற்றில் இல்லை; ஜூன் வெப்ப அலையில் அது பெரிய கஷ்டம்.

பயண அட்டையிலும் கிழமை முக்கியம். நவிகோ வார அட்டை திங்கள் முதல் ஞாயிறு வரை மட்டுமே செல்லும். விலை 32 யூரோ சொச்சம், விமான நிலைய ரயிலும் அதில் அடக்கம். நீங்கள் சனியன்று இறங்குவதால் ஊருக்குள் வர 14 யூரோ அளவில் தனி டிக்கெட் வேண்டும். ஆனால் அடுத்த வார அட்டையை வெள்ளி முதலே விற்பார்கள் என்பதால் விமான நிலையத்திலேயே வாங்கிவிடலாம். அட்டைக்கென்று 5 யூரோவும் ஒரு சின்ன புகைப்படமும் வேண்டும். சிங்கப்பூரிலேயே படம் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். தினமும் வேலைக்குப் போய்வந்து, கடைசியில் விமான நிலையம் போனாலே போட்ட காசு வந்துவிடும்.

சைவம் என்று சொன்னால் மட்டும் போதாது. சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கும், சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் இருக்கலாம், இனிப்பில் ஜெலட்டின் இருக்கலாம். "ஸான் வியாந்த், ஸான் ப்வாஸோன்" என்று கேளுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். கடைக்குள் நுழைந்ததும் முதலில் "போன்ஜூர்" சொல்ல மறக்காதீர்கள். சொல்லாமல் நேரே கேள்வி கேட்டால் அங்கே அது மரியாதைக் குறைவு. மரே பகுதியின் ரோஸியே தெருவில் ஃபலாஃபெல் நன்றாக இருக்கும், யூதக் கடைகள் என்பதால் சனிக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும். தண்ணீருக்கு "கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாக மேசைக்கு வரும்.

அடுத்து விசா. சிங்கப்பூர் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு 180 நாளில் 90 நாள் வரை விசா தேவையில்லை. உங்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும், கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். நோக்கம் வணிகம் என்றே எழுதுங்கள். வார இறுதியில் ஊர் பார்ப்பதற்குத் தனி விசா கிடையாது, ஆனால் அந்த நாட்களும் ஆவணங்களில் தெரிய வேண்டும். அழைப்புக் கடிதத்தில் மீட்டிங் நாள் மட்டும் இருக்கும். உங்கள் அலுவலகக் கடிதத்தில் முழுப் பயணத் தேதிகளையும் போடச் சொல்லுங்கள். எல்லா இரவுகளுக்கும் ஹோட்டல் பதிவு காட்டுங்கள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை இருக்க வேண்டும். விசா வந்ததும் தேதியோடு தங்கும் நாட்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். இறங்கும் நாள், கிளம்பும் நாள் இரண்டும் அதில் சேரும். பிஆர் என்பதால், சிங்கப்பூருக்குத் திரும்பி நுழைவதற்கான ரீ-என்ட்ரி பெர்மிட் காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

அலுவலகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை இரண்டே: வார இறுதி நாட்களில் கம்பெனிக் காப்பீடு உங்களுக்குச் செல்லுமா, விமானக் கட்டண வித்தியாசம் வந்தால் யார் கொடுப்பது. செல்லாது என்றால் அந்த நாட்களுக்கு நீங்களே ஒரு காப்பீடு எடுத்துவிடுங்கள். வாய்ச் சொல்லை நம்பிப் போய், மருத்துவமனைச் செலவைத் தன் கையிலிருந்து கட்டிய ஒருவரை எனக்குத் தெரியும்.

கடைசிச் சனிக்கிழமை முழுதும் உங்களுடையது. வெர்சாய் போகலாம், அல்லது கடைகளுக்குப் போகலாம். ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் பாஸ்போர்ட்டைக் காட்டி வரி திரும்பப் பெறும் படிவம் கேளுங்கள். ஞாயிறன்று விமான நிலையத்தில், பெட்டியை ஒப்படைக்கும் முன், பாப்லோ என்ற இயந்திரத்தில் அதை ஸ்கேன் செய்ய வேண்டும். சாங்கியில் இறங்கும்போது நம் ஜிஎஸ்டி கணக்கு தொடங்கும்: 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தவர்களுக்கு 500 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை விலக்கு, அதற்கு மேல் 9 சதவீதம். பிஆர் என்பதால் உங்களுக்கு இந்த விலக்கு உண்டு. எம்ப்ளாய்மென்ட் பாஸில், அதாவது வேலை அனுமதியில், இருக்கும் நண்பர்களுக்குக் கிடையாது, அவர்கள் வாங்கி வரும் புதுப் பொருளுக்கு முதல் டாலரிலிருந்தே வரி.

ஞாயிறு பகலில் கிளம்பும் விமானம் திங்கள் காலை உங்களைச் சாங்கியில் இறக்கும். கிழக்கு நோக்கி வரும்போது உடம்பு இன்னும் மெதுவாகத்தான் தெளியும். அன்று காலை ஆறு மணிக்கு உங்கள் உடம்புக்கு நள்ளிரவு. அந்த ஒரு லீவு நாளை இந்தத் திங்களுக்குப் போடுங்கள். மீதி இரண்டு நாளைத் தீபாவளிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.