முன்னால் பறப்பது தலைவனா?

கேள்வி: எங்கள் வீடு மதுராந்தகம் பக்கம். மாலையில் மொட்டை மாடியில் நின்றால், பெரிய வெள்ளைப் பறவைகள் அம்பு வடிவில் ஏரிப் பக்கம் போவது தெரிகிறது. சில நாள் ஒரே சாய்கோடாக, சில நாள் கலைந்தும் போகின்றன. முன்னால் போவதுதான் தலைவனா என்று என் மகள் கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்: தலைவன் இல்லை என்று தாராளமாகச் சொல்லுங்கள். அங்கே நடப்பது காற்றைப் பங்கிட்டுக்கொள்வது.

முதலில் என்ன பறவை என்று பார்ப்போம். கழுத்தை நேராக நீட்டி, வளைந்த கருப்பு அலகோடு போனால் அது வெள்ளை அரிவாள் மூக்கன். தலைக்கு மேலே கடக்கும்போது இறக்கையின் அடியில் சிவப்புத் தோல் ஒரு கீற்றாகத் தெரியும். கழுத்தை மடித்து வைத்திருந்தால் கொக்கு. வேடந்தாங்கல் பக்கத்திலேயே இருப்பதால் உங்களுக்கு இரண்டுமே கிடைக்கும்.

இறக்கை காற்றைக் கீழே தள்ளும்போது, அடியில் இருக்கும் காற்று இறக்கை நுனியைச் சுற்றி மேலே சுருண்டு வருகிறது. அதனால் பறவைக்கு நேர் பின்னால் காற்று கீழே இறங்குகிறது. நுனிக்கு வெளியே பக்கவாட்டில் மேலே எழுகிறது. பின்னால் வரும் பறவை சற்று விலகி, தன் இறக்கை நுனியை அந்த எழும் காற்றில் வைத்தால் உழைப்பு குறையும். எல்லாப் பறவைகளும் இப்படி ஒதுங்கினால் அம்பு வடிவம் தானாக வந்துவிடுகிறது. ஒரே பக்கமாக ஒதுங்கினால் சாய்கோடு.

வெள்ளைக் கூழைக்கடாக்களின் இதயத் துடிப்பை அளந்து 2001-ல் வெளியான ஆய்வில், வரிசையில் பறக்கும்போது ஆற்றல் 11 முதல் 14 சதவீதம் வரை மிச்சமாவதாகக் கணக்கிட்டார்கள். ஆனால் என்னை வியக்க வைத்தது 2014-ல் வந்த ஆய்வு. ஐரோப்பாவில் அழிந்துபோன வழுக்கைத்தலை அரிவாள் மூக்கனை மறுபடி குடியேற்ற, குஞ்சுகளைக் கையில் வளர்த்து, இலகு விமானத்தில் முன்னே பறந்து ஆஸ்திரியாவிலிருந்து இத்தாலிக்கு வழிகாட்டினார்கள். அதில் 14 பறவைகளின் முதுகில் சின்னக் கருவிகளைக் கட்டி, ஒவ்வொரு சிறகடிப்பையும் பதிந்தார்கள். முன்னால் போகும் இறக்கை நுனி காற்றில் வரையும் அலையிலேயே பின்னால் வரும் நுனியும் ஏறி இறங்கியது. நேர் பின்னால் மாட்டிக்கொண்டால் தாளத்தை மாற்றி, கீழிறங்கும் காற்றின் பாதிப்பைக் குறைத்துக்கொண்டது.

முன்னால் போகிற பறவைக்கு இந்தச் சலுகை அவ்வளவாக இல்லை. அப்புறம் ஏன் முன்னால் போகிறது? அதே கூட்டத்தை வைத்து 2015-ல் வந்த ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. இரண்டு பறவைகள் முன்னும் பின்னுமாக இடம் மாற்றிக்கொள்கின்றன. ஒன்று எவ்வளவு நேரம் முன்னால் உழைக்கிறதோ, ஏறக்குறைய அதே அளவு நேரம் மற்றதன் பின்னால் போகிறது. உங்கள் மகளிடம் சொல்ல இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

சரி, சில நாள் ஏன் கலைகிறது? பக்கத்து வயலுக்குப் போகிற சின்னத் தூரத்துக்கு வரிசை பிடிக்கத் தேவையில்லை. உச்சிவெயிலில் மஞ்சள் மூக்கு நாரைகள் வெப்பக் காற்றில் வட்டமடித்து ஏறும்; இறக்கையே அடிக்காதபோது இந்த வரிசைக்கு வேலை இல்லை.

அடுத்த முறை, பொழுது சாய்வதற்கு அரை மணி நேரம் முன்பே மாடிக்குப் போங்கள். கைபேசியில் ஸ்லோ மோஷனில் படம் பிடியுங்கள். அரிவாள் மூக்கன்கள் கொஞ்ச நேரம் சிறகடித்து, கொஞ்ச நேரம் விரித்தபடி மிதக்கும். முன்னால் இருப்பது அடிப்பதை நிறுத்தியதும், அடுத்தது, அதற்கடுத்தது என்று அந்த நிறுத்தம் வரிசையின் கடைசி வரை ஓடுவதை மகளுக்குக் காட்டுங்கள்.