செத்தவரைச் சாமி எழுப்புவது போல இளையோருக்கு ஒரு சாகசக் கதை எழுதுகிறேன். வேலூர்ப் பக்கம் அப்படி ஏதாவது கதை உண்டா?

குடியாத்தத்திலேயே இருக்கிறதே! அப்பா ஜமதக்னியின் சொல்லைத் தட்டமுடியாமல் பரசுராமன் தாய் ரேணுகையின் தலையை வெட்டுகிறான். அவளுக்கு அடைக்கலம் தந்தவளையும் விடவில்லை. பிறகு அப்பாவிடமே வரம் கேட்டுத் தாயை எழுப்புகிறான். பதற்றத்தில் தலை மாறிப்போகிறது.

இந்தக் கதையை ஒட்டித்தான் வைகாசி 1 அன்று அங்கே கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. மாலைக் குவியலுக்குள் அம்மன் முகம் மட்டும் தெரிய, சிரசு தெருத்தெருவாக வரும். வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள், காலடியில் ஓடு நொறுங்கும். கௌண்டன்யா ஆற்றங்கரைக் கோயிலில் அந்தத் தலையை இன்னொருத்தியின் உடலில் பொருத்துவார்கள்.

உங்கள் கதையை அந்த மகனின் கண் வழியாகவே சொல்லுங்கள். எழுந்து உட்கார்ந்தவள் அவனைப் பார்க்கிறாள். முகம் அம்மாவுடையது, தலையைத் தடவும் கை யாருடையதோ. எனக்கு அந்த இடம்தான் கதையின் உயிர்.