ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சுத் திணறுமா?

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. மூளை முடக்குவாதம், வலிப்பு மாத்திரையும் சாப்பிடுகிறாள். இடுப்பு மூட்டு நழுவியிருப்பதால் அடுத்த மாதம் ஆபரேஷன். "இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுத்தால் மூச்சுத் திணறி வென்டிலேட்டர்தான்" என்று பயமுறுத்துகிறார்கள். தள்ளிப்போடலாமா? – வாசகி, திண்டுக்கல்.

பதில்: பயந்து தள்ளிப்போடாதீர்கள் அம்மா. சளி இருந்தால் மட்டும் தள்ளிப்போடுங்கள். இருமல், மூக்கொழுகல், நெஞ்சில் கறகறப்பு என எது இருந்தாலும் மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தேதி கைவிட்டுப் போய்விடுமே என்று மறைக்கிற பெற்றோரை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு தேதிக்கு மாதக்கணக்கில் அலையவிட்டால் அவர்களும் என்னதான் செய்வார்கள்!

சிக்கல் பெரும்பாலும் வார்டில்தான் வரும், அதுவும் முதல் ஓரிரு இரவில். உங்கள் மகளுக்கு இருமிச் சளியை வெளியே தள்ளும் பலம் குறைவாக இருக்கும். மயக்கத்தின் மிச்சமும் வலி மருந்தும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும். அப்போது எச்சிலோ, எதுக்களித்த பாலோ நுரையீரலுக்குள் இறங்கலாம். நமக்குப் புரையேறினால் பக்கத்து அறைக்கே கேட்கும்; இந்தக் குழந்தைகளில் பலருக்குச் சத்தமே வராது. அதனால் தூக்கக் கலக்கம் தெளிந்து, நர்ஸ் சரி என்று சொல்லும்வரை ஒரு ஸ்பூன் பால்கூடக் கொடுக்காதீர்கள். "பிள்ளை பசியில் வாடுது" என்று பாட்டி சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டு போட்டால் புரண்டு படுக்க முடியாது, சளி கட்டும். தலைமாட்டை உயர்த்தி வைக்கவும், நெஞ்சைத் தட்டிச் சளியை இளக்கும் பிசியோதெரபி கொடுக்கவும், குழாயால் சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் போடவும் கேளுங்கள். மூக்கு விடைப்பது, விலா இடுக்கில் சதை உள்ளே இழுப்பது, முனகல், எழுப்பினாலும் எழாத தூக்கம், இவற்றில் எதைப் பார்த்தாலும் உடனே கூப்பிடுங்கள். ராத்திரி வார்டு முழுவதற்கும் இரண்டு நர்ஸ் இருந்தால் யார் எந்தக் குழந்தையைப் பார்ப்பது? நீங்கள்தான் கண் வைக்க வேண்டும்.

வலிப்பு மாத்திரையை ஆபரேஷன் அன்று காலையும் மருத்துவர் சொன்னபடி ஒரு மடக்குத் தண்ணீரில் கொடுங்கள். தசை இறுக்கத்தைக் குறைக்கும் பேக்லோஃபென் மாத்திரை சாப்பிட்டால் அதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. சோறு, கஞ்சி, பசும்பால் எல்லாம் 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். கஞ்சியைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பயப்படாதீர்கள் என்று சொன்னேன்; ஆனால் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும் தசைச் சிதைவு நோய்க்குக் கணக்கே வேறு. உங்கள் மகளுக்கு இது இல்லை. ஆனால் வெளியே இரண்டையும் ஒன்றாகவே பேசுவதால் சொல்லியாக வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குச் சில மயக்க வாயுக்களும், தசை தளர்த்தும் ஒரு ஊசியும் தசையை உடைத்து, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தையே நிறுத்திவிடலாம். ஆபரேஷனுக்குப் பிறகு அவர்களுக்கு வெறும் ஆக்சிஜன் மாஸ்க் மட்டும் போதாது. விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் 98 சதவீதம் என்று காட்டும், உள்ளே கரியமில வாயு சேர்ந்துகொண்டே இருக்கும். மூச்சுக்கு உதவும் கருவி தயாராக இருக்க வேண்டும். குடும்பத்தில் ஆண் பிள்ளைகளுக்கு நடை தளர்ந்த கதை இருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், புரோக்கர்கள். "காப்பீட்டு அட்டையைக் கொடுங்க, மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம்" என்று வாசலில் நிற்பவரை நம்பாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட ஒப்புதலுக்கு யாருக்கும் ஒரு ரூபாய் தர வேண்டியதில்லை. அதைப் பார்க்க மருத்துவமனையிலேயே ஆள் உண்டு. சேரும் முன்பு கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இங்கே குழந்தைகள் ஐ.சி.யூ. இருக்கிறதா? என் மகளுக்குத் தேவைப்பட்டால் அன்றைக்குப் படுக்கை கிடைக்குமா?" பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.