ஸ்குவையர் கிட்டார் ஏன் இவ்வளவு விற்கிறது?

அமெரிக்க எலக்ட்ரிக் கிட்டார் கம்பெனியான ஃபெண்டரின் கிட்டாரை வாங்க வசதியில்லாதவர்கள் வாங்கும் அதன் மலிவு பிராண்டுதான் ஸ்குவையரா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. ஆனால் விலை குறைந்த கிட்டார் எத்தனையோ கம்பெனிகளில் கிடைக்கிறதே, அவை ஏன் இப்படி ஓடவில்லை?

1970களின் பிற்பகுதியில் ஜப்பானின் டோகாய், கிரெக்கோ கிட்டார்கள் ஃபெண்டரை அச்சு அசலாகக் காப்பியடித்து மலிவாக விற்பனைக்கு வந்தன. தரத்திலும் பெரிதாகக் குறை சொல்ல முடியவில்லை. ஃபெண்டர் என்ன செய்தது? 1965இல் வாங்கிப்போட்டிருந்த ஸ்குவையர் என்ற கிட்டார் கம்பி கம்பெனியின் பெயரைத் தூசி தட்டி எடுத்து, 1982இல் ஜப்பானிலேயே ஸ்குவையரைச் செய்ய ஆரம்பித்தது. அடுத்தவன் நகலெடுப்பதற்குப் பதில் நாமே எடுத்துவிடலாம் என்ற கணக்கு! அந்தக் கால ஜப்பான் ஸ்குவையர்களை இன்றும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள்.

ஸ்குவையர் பெயரிலும் வரும் ஃபெண்டரின் பிரபல மாடலான ஸ்ட்ராட்டோகாஸ்டரின் வடிவமைப்பும் இதற்குத் தோதானது. கழுத்தை உடலோடு ஒட்டுவதில்லை, நான்கு திருகுகளில் முடுக்கிவிடுகிறார்கள். மரத்தை மெஷின் வெட்டும்போது வடிவத்தில் பெரிய வித்தியாசம் வராது. காசை மிச்சம் பிடிப்பது பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்), டியூனர் (சுருதி சேர்க்கும் முறுக்காணி), ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) வேலைகளில். கழுத்தின் ஓரமாக விரலை ஓட்டிப் பாருங்கள், சில கிட்டார்களில் ஃப்ரெட் முனை சுருக்கென்று உரசும். அரம் போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும். பிக்கப்பைக் கையில் காசு சேரும்போது மாற்றிக்கொள்ளலாம். விற்க நினைத்தாலும் அந்தப் பெயருக்காகவே ஆள் வரும்.