பழைய 14 அடி அலுமினியப் படகை நின்று தூண்டில் எறிய வசதியாக மாற்றுவது எப்படி?

ஒருமுறை பிழையாகச் செய்து, பிடுங்கி, மறுபடி செய்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

நாங்கள் மீன் பிடிப்பது ஒன்ராறியோவின் ஸ்கூகொக் ஏரியில். ஸ்காபரோவிலிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியால ஓட்டம். எங்களுடையதும் 1980களில் செய்த 14 அடி அலுமினியப் படகுதான். குறுக்கே மூன்று வாங்குகள் (இருக்கைப் பலகைகள்), வி வடிவ அடி. என்னோடு வருபவர் மனைவியின் மாமா. மயிலிட்டியில் கடலுக்குப் போனவர், இப்போது 68 வயது, முழங்கால் தேய்மானம். அந்த முழங்காலை நினைத்துத்தான் வேலையைத் தொடங்கினேன்.

முதலில் அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, நடு வாங்கு வரைக்கும், படகின் விளிம்புக்குச் சமமான உயரத்தில், முக்கால் அங்குலப் பிளைவுட்டில் மேடை போட்டேன். 4க்கு 8 அடிப் பலகை ஒன்றே 60 இறாத்தல் வரும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் நாளே, தூரத்தில் போன பெரிய படகொன்றின் அலை வந்து தட்டியதில் மாமா நிலைதடுமாறி, அதே முழங்கால் அடிபட விழுந்தார். வலியோடு எழும்பி இருந்துகொண்டு, "மருமோன், தோணியிலை போறவன் தோணிக்குள்ளை நிக்கோணும், தோணிக்கு மேலை நிக்கப்படாது" என்றார். அந்தக் கிழமையே மேடையைக் கழற்றினேன்.

அவர் சொன்னதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. இந்த அளவுப் படகுக்கு அகலம் குறைவு. நிற்பவரின் பாரம் உயர உயர, சாய்ந்த படகு தானாக நிமிரும் வலு குறைந்துகொண்டே போகும். இப்போதைய மேடை முன் வாங்கின் மட்டத்தில், அணியத்துக்கும் அந்த வாங்குக்கும் இடையில் மட்டும் இருக்கிறது. படகின் விளிம்பு கெண்டைக்காலில் முட்டும். திரும்பிப் பார்க்காமலே மேடை எங்கே முடிகிறது என்று கால் அறியும்.

ஆனால் மேடையைவிடப் பெரிய மாற்றத்தைத் தந்தது தரைதான். முன் வாங்குக்கும் நடு வாங்குக்கும் இடையில், அடியின் சரிவு தெரியாதபடி சமதளமாகப் பலகை போட்டேன். சரிவில் நின்றால் கணுக்கால் நாள் முழுக்க முறுகியபடியே இருக்கும். முழங்கால் வலியில் பாதி அதனால் வந்ததுதான். மாமா இப்போது பெரும்பாலும் அந்தத் தரையில் நின்றே எறிகிறார். களைத்தால் பின்னால் வாங்கு இருக்கிறது. கையில் காசு குறைவென்றால் மேடையை விட்டுவிட்டுத் தரையை மட்டும் செய்யுங்கள்.

இடம் கிடைக்கும் என்று நடு வாங்கை வெட்டவே வேண்டாம். படகின் இரண்டு பக்கங்களையும் விரியாமல் பிடித்து வைத்திருப்பது அது. உள்ளே இருக்கும் நுரைதான் படகு நீரால் நிரம்பினாலும் தாழாமல் காக்கும்; ஒரு கன அடி நுரை ஏறக்குறைய 60 இறாத்தலைத் தாங்கும். பழைய படகில் அது தண்ணீர் குடித்திருக்கலாம். ஒரு வாங்கைத் திறந்து பாருங்கள். ஈரமாக இருந்தால் அதே அளவு புதிய நுரை வைத்து மூடுங்கள்.

மரம் வாங்கும்போது கவனம். வெளிவேலைக்கென்று விற்கும் செம்பு மருந்தேற்றிய பலகை அலுமினியத்தைத் தொட்டால், ஈரத்தில் உலோகம் அரித்துப் பொத்தல் விழும். சாதாரண அரை அங்குல வெளிப்புறப் பிளைவுட் போதும்; வெட்டிய ஓரங்களுக்கெல்லாம் எபொக்சி மூன்று பூச்சு. சட்டத்துக்கு அலுமினியக் கோணச் சட்டம், துருப்பிடிக்காத திருகாணி. எல்லாவற்றையும் வாங்குகளிலும் படகின் விலாச் சட்டங்களிலும் பொருத்துங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே அடித்தகட்டில் ஒரு துளைகூடப் போடக் கூடாது. பலகை போடுமுன் ட்ரெயிலரில் வைத்தபடியே உள்ளே சில அங்குலம் தண்ணீர் விட்டு, எந்த ரிவெற்றில் கசிகிறது என்று வெளியே அடையாளமிடுங்கள். பிறகு பலகையைக் கழற்றிக் கசிவு தேடுவது பெரும் பாடு.

தூண்டில் எறிகிற இடத்தில் நைலோன் நூல் சிக்குவதற்கு எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கம்புகளைப் பக்கச்சுவரோடு பி.வி.சி. குழாய்களில் செருகி வைத்தோம். கம்பளம் விரிக்க வேண்டாம்: தூண்டில் முள் மாட்டும், ஈரம் காயாது. ஈ.வி.ஏ. நுரைப்பாய் காலுக்கு இதமானது, வழுக்காது.

அணியத்தில் 12 வோல்ற், 55 இறாத்தல் தள்ளுவிசையுள்ள மின்மோட்டர். அதன் பற்றரியை நடு வாங்குக்கு அருகில் வைத்தேன். முன்னால் மாமா, மேடை, மோட்டர் எல்லாம் இருக்கும்போது பற்றரியும் அங்கே போனால் மூக்கு தாழ்ந்து தண்ணீரை உழும். ஈயப் பற்றரியின் பாதி எடைதான் லித்தியம், விலை கூட. பற்றரிக்குப் பக்கத்திலேயே, மின்னோட்டம் அளவு மீறினால் தானாகத் துண்டிக்கும் பிரேக்கர் பொருத்துங்கள். சேர்த்த எல்லாவற்றின் எடையையும் கூட்டி, எவ்வளவு எடை ஏற்றலாம் என்று படகில் பொறித்திருக்கும் கொள்ளளவுத் தகட்டோடு ஒப்பிடுங்கள். ஸ்கூகொக் ஆழம் குறைந்தது, காற்று எழும்பினால் அலை குறுகலாகவும் செங்குத்தாகவும் வரும். ஆகவே தகடு சொல்லும் அளவுக்கு மிகக் கீழேயே நிற்கிறோம். உயிர்காப்புச் சட்டை எப்போதும் உடம்பில்தான்.

முதுகு சாய்க்கும் சுழல் கதிரையை நடு வாங்கில் தாழ்வாகவே பூட்டினேன். பெரிய எஞ்சின் ஓடும்போது மாமா அதில்தான் இருப்பார். அல்லி படர்ந்த குடாவுக்குள் போய் எஞ்சினை நிறுத்தியதும், வாங்கைப் பிடித்தபடி முன் தரைக்கு இறங்கி, இலைகளுக்கு மேலாகத் தவளை வடிவப் பொய்யிரை கட்டிய தூண்டிலை எறிவார். போன ஆடியில் ஒரு முழுக் காலை நின்றே எறிந்தார். கரைக்கு வந்து ட்ரெயிலரில் ஏற்றும்போது கயிற்றையும் தானே பிடித்தார்.