குடல் சுவர்ல நிணநீர் குழாய் எப்படி இருக்கும்? ரத்தக்குழாய் இருக்கும்போது அது எதுக்கு?

நான் பயாப்சி ஸ்லைடு போடுற லேப்ல வேலை பார்க்கிறேன், அதவிட என் அக்கா பொண்ணுக்கு இந்தக் குழாய்லதான் பிரச்சனை, அதனால எழுதுறேன்.

சிறுகுடல் உள்பக்கம் வெல்வெட் மாதிரி இருக்கும்ல, அந்த ஒவ்வொரு இழையும் ஒரு வில்லஸ், உயரம் 1 மில்லிமீட்டர் இருந்தா அதிகம். அதுக்கு நட்டநடுவுல, மேல் நுனி மூடின ஒரு நிணநீர் குழாய் இருக்கும், பேரு லாக்டியல். சுத்தி ரத்தத் தந்துகிங்க வலையா படர்ந்திருக்கும். சர்க்கரை, அமினோ அமிலம் எல்லாம் ரத்தத்துலயே போயிடும், கொழுப்பை மட்டும் குடல் செல் உருண்டையா கட்டி வெளிய தள்ளும் (கைலோமைக்ரான்னு சொல்வாங்க), அது தந்துகிக்குள்ள நுழைய முடியாத அளவு பெருசு. லாக்டியல் சுவரோ ஒத்தை செல் அடுக்கு, ஓரத்துல பட்டன் போட்ட சட்டை மாதிரி அங்கங்க மட்டும்தான் பிடிச்சிருக்கும், அந்த இடுக்கு வழியா உள்ள போயிடும். ஒட்டியே இருக்கிற தசை இழைங்க சுருங்கி கீழ தள்ளிவிடும். சப்மியூகோசால (உள்தோலுக்கு அடியில இருக்கிற அடுக்கு) ஒரு வலை, தசை அடுக்குல தனியா ஒரு வலை, அப்புறம் மெசென்ட்ரி (குடலை வயித்தோட பின்சுவர்ல பிடிச்சு வச்சிருக்கிற சவ்வு), அங்கதான் வால்வு வச்ச பெரிய குழாய்ங்க, கடைசியா இடது கழுத்தடியில ரத்தத்துல கலக்கும்.

ஸ்லைடுல இதைப் பார்க்கிறது கஷ்டம். எண்டோஸ்கோபிக்கு வெறும் வயித்தோட வர்றாங்க, லாக்டியல் சப்பையா ஒட்டிக் கிடக்கும், நிணநீர் குழாயை மட்டும் எடுத்துக் காட்டுற டி2-40ங்கிற சாயம் போட்டாதான் பழுப்புக் கோடா தெரியும். 1622 ஜூலைல இத்தாலியில காஸ்பரே அசெல்லிங்கிற டாக்டர் கண்ல இந்தக் குழாய்ங்க முதல்ல பட்டதே அவர் அறுத்த நாய் அப்பதான் தின்னிருந்ததால, வெள்ளைக் கோட்டை நரம்புன்னு நினைச்சு வெட்டினா பால் மாதிரி வந்துச்சு.

அக்கா பொண்ணுக்கு 4 வயசுல காலெல்லாம் வீக்கம், ரத்தத்துல ஆல்புமின்ங்கிற புரதம் ரொம்பக் கம்மி, கிட்னி நல்லாத்தான் இருந்துச்சு. பயாப்சில பார்த்தா எந்தச் சாயமும் தேவைப்படல, லாக்டியல் ஒவ்வொண்ணும் பலூன் மாதிரி உப்பி வில்லஸையே அடைச்சுக்கிட்டு நிக்குது. இதுக்குப் பேரு லிம்ஃபாஞ்சியெக்டேசியா, அதாவது நிணநீர் குழாய் வீக்கம். நிணநீர் கீழ போக வழியில்லாம குடலுக்குள்ளயே ஒழுகி புரதமும் கூடவே போயிட்டிருந்திருக்கு. எம்.சி.டி.ங்கிற நடுத்தர நீளச் சங்கிலி கொழுப்பு லாக்டியலை நம்பாம பெரும்பாலும் நேரா ரத்தம் வழியா கல்லீரலுக்குப் போயிடும்ங்கிறதால டாக்டர் அதுக்கு மாத்திட்டாரு, இப்ப அவ பருப்புச் சோத்துல நெய்க்குப் பதிலா அந்த எண்ணெயைத்தான் அக்கா ஸ்பூன்ல அளந்து ஊத்துறா.