குழியை மூடும் முன் தண்ணீரைத் துரத்துங்கள்

பூங்காச் சாலையைக் கூட்டாகச் செப்பனிடக் கிளம்பியிருக்கும் வாசகர்களின் கேள்விகள் இந்த முறை. தார் போடாமல் ஜல்லியும் மண்ணும் இறுக்கிய கிராவல் சாலையைப் பற்றியே ஏறக்குறைய எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் பூங்காவின் உட்சாலை 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் குழிகளில் ஜல்லி கொட்டுகிறோம். ஒரே மாதத்தில் அதே இடத்தில் அதே குழி. ஜல்லி மட்டமா, எங்கள் வேலை மட்டமா?

பதில்: இரண்டும் இல்லை, சாலைதான் மட்டம்! நடுவில் மேடாக இருக்க வேண்டிய சாலை தட்டையாகிப் போனதால் தண்ணீர் ஓடாமல் நிற்கிறது. ஊறி இளகிய இடத்தில் சக்கரம் ஏறும்போது சேற்று நீர் பீய்ச்சியடிக்கும். அந்த நீரோடு கல்லைக் கல்லோடு பிடித்து வைத்திருந்த நுண்மண்ணும் போய்விடும். நீங்கள் கொட்டுகிற ஜல்லிக்கு அடியில் அந்தக் கிண்ணம் போன்ற பள்ளம் அப்படியே இருக்கிறது. தண்ணீர் மறுபடி அங்கேதான் வரும். பிடிப்பில்லாத கற்களைச் சக்கரம் ஓரத்துக்குத் தள்ளிவிடும்.

அடுத்த மழையில் குடை பிடித்துக்கொண்டு சாலையில் ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே நிற்கிறது, எங்கிருந்து வருகிறது, எங்கே போக முடியாமல் முட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முட்டுகிற இடம் சாலை ஓரத்துப் புல்வரப்பாக இருக்கும். வண்டிகள் ஒதுக்கிய மண்ணும் கல்லும் ஓரத்தில் சேர்ந்து, அதில் புல் முளைத்து, வாய்க்காலுக்குப் போக வேண்டிய தண்ணீருக்கு அணை கட்டிவிடும். முதல் நாள் வேலையே அந்த வரப்பை வெட்டுவதுதான். வெட்டியதைத் தூக்கி எறியாதீர்கள். புல்லையும் வேரையும் உதறிவிட்டால் அதிலிருப்பது உங்கள் சாலையின் ஜல்லிதான்.

சாய்வு எவ்வளவு? கிராவல் சாலைக்கு 4 சதவீதம். உங்கள் சாலையின் பாதி அகலம் ஒன்றரை மீட்டர் என்பதால் நடுக்கோடு ஓரத்தைவிட 6 செ.மீ. உயரமாக இருக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஒன்றரை மீட்டர் நேர்ப்பலகை ஒன்றை எடுத்து, ஒரு முனைக்கு அடியில் 6 செ.மீ. கட்டையை ஆணியடித்து, மேலே ரசமட்டத்தை வையுங்கள். கட்டையுள்ள முனை ஓரத்தில், வெறும் முனை நடுக்கோட்டில். குமிழி நடுவில் நின்றால் சாய்வு சரி. பக்க வாய்க்காலின் அடி, சாலை ஓரத்தைவிட 30 செ.மீ.யாவது தாழ்ந்திருக்கட்டும். இல்லாவிட்டால் சாலையின் அடிமண் எப்போதும் ஊறியே கிடக்கும்.

கேள்வி: ஒரு குழியை முறையாக மூடுவது எப்படி? எவ்வளவு பொருள் பிடிக்கும்?

பதில்: 60 செ.மீ. நீளம், 80 செ.மீ. அகலம், 12 செ.மீ. ஆழமுள்ள குழியை வைத்துக் கணக்குப் போடுவோம். கொள்ளளவு ஏறக்குறைய 58 லிட்டர். இடித்தால் பொருள் அமுங்கும் என்பதால் 1.3ஆல் பெருக்குங்கள்: 75 லிட்டர். பத்து லிட்டர் கொள்ளும் சட்டியில் ஏழரைச் சட்டி, எடையில் 120 கிலோ அளவு.

முதலில் தேங்கிய நீரையும் சேற்றையும் வழித்து எடுங்கள். பிறகு கடப்பாரையால் விளிம்பைச் செங்குத்தாக வெட்டிக் குழியைச் சதுரமாக்குங்கள். பலர் சோம்பல்படுவது இந்த இடத்தில்தான். தட்டு போலச் சரிந்த விளிம்பில் பொருள் மெல்லிய ஏடாக முடியும். அந்த ஏடு முதல் வாரத்திலேயே பெயர்ந்துவிடும். அடியில் கடப்பாரை சுலபமாக இறங்காத கெட்டித் தரை தட்டும்வரை தோண்டுங்கள். அதன்மேல் ஈரம் தெரியுமளவு தெளித்தால் போதும், குளமாக்க வேண்டாம்.

ஜல்லி, தூள், பசைமண் சேர்ந்த கலவையை (பங்கு அடுத்த பதிலில்) முதலில் 8 முதல் 10 செ.மீ. வரை பரப்பி, இடித்து இறுக்கும் கனமான திமிசால் இடியுங்கள். மீதியைப் பரப்பி மறுபடி இடியுங்கள். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டி இடித்தால் மேலே மட்டும் கெட்டிப்படும், அடி பொலபொலவென்றே இருக்கும். திமிசு 7 முதல் 10 கிலோ இருக்கலாம். அதைவிடக் கனமானால் பத்து நிமிடத்தில் கை ஓய்ந்து, இடி வெறும் தட்டலாகிவிடும். தொடக்கத்தில் ‘தொப்’ என்று கேட்கும் சத்தம், இறுகியதும் ‘டங்’ என்று மாறி, திமிசு லேசாக எகிறும். அதுதான் அடையாளம். முடித்த பிறகு குழி சுற்றுத் தளத்தைவிட ஒன்று, ஒன்றரை செ.மீ. மேடாக நிற்கட்டும், வண்டி ஏற ஏறச் சமமாகும்.

கலவையின் ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் அதிகம். கையை விரித்ததும் உதிர்ந்தால் குறைவு. உருண்டையாக நின்று, அழுத்தினால் இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் இடிக்கலாம். காய்ந்த 120 கிலோ கலவைக்கு 7, 8 லிட்டர் தண்ணீர் பிடிக்கும்; ஏற்கெனவே ஈரமாக வந்திருந்தால் அதில் பாதிகூட வேண்டாம்.

கேள்வி: முக்கால் அங்குல ஜல்லி வாங்கினால் போதுமா? ஆற்றுக் கூழாங்கல் சும்மாவே கிடைக்கிறது.

பதில்: கூழாங்கல் சும்மா கிடைத்தாலும் வேண்டாம். உருண்டைக் கல் ஒன்றையொன்று கவ்வாது. உடைத்த ஜல்லிக்கு முனைகள் உண்டு, கவ்வும். ஆனால் வெறும் ஜல்லியும் சாலையாகாது. கல்லிடுக்கை நிரப்பத் தூளும், எல்லாவற்றையும் ஒட்டவைக்கக் கொஞ்சம் பசைமண்ணும் வேண்டும். 20 மி.மீ.க்கு மேற்படாத ஜல்லி 5 பங்கு, கிரஷர் தூள் (கல் உடைக்கும் ஆலையின் தூள்) 4 பங்கு, களிச்சத்துள்ள மண் 1 பங்கு என்று கலந்து பாருங்கள். மண்ணைக் கூட்டினால் மழைக்குச் சறுக்கும், குறைத்தால் வெயிலுக்குப் புழுதி பறக்கும்.

பசைமண் எது என்று அறிய, அரைக் கைப்பிடி மண்ணைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு நீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படியும், வண்டல் ஓரிரு மணி நேரத்தில். மறுநாளும் நீர் கலங்கலாகவே இருந்தால் அந்த மண்ணில் களி தாராளம்.

கேள்வி: புழுதி தாங்கவில்லை. பழைய என்ஜின் ஆயிலைத் தெளித்தால் அடங்கும் என்கிறார்களே?

பதில்: அடங்கும்தான். அதோடு ஈயம் முதலிய உலோகங்களும் புற்றுநோய் உண்டாக்கும் ஹைட்ரோகார்பன்களும் குழந்தைகள் விளையாடும் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் சேரும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டைம்ஸ் பீச் என்ற ஊரில் 1970களில் புழுதியை அடக்கக் கழிவு எண்ணெய் தெளித்தார்கள். அதில் ரசாயன ஆலைக் கழிவு கலந்திருந்ததால் டையாக்சின் நஞ்சு தெருவெல்லாம் பரவியது. 1983இல் அந்த ஊரையே அரசு விலைக்கு வாங்கிக் காலிசெய்ய வேண்டியதாயிற்று. யாரிடமிருந்து வந்த எண்ணெயில் என்ன கலந்திருக்கிறதென்று உங்களுக்கும் தெரியப் போவதில்லை.

பறக்கும் புழுதி உங்கள் சாலையின் பசை என்பதை மறக்காதீர்கள். குழி விழுவதும் புழுதி பறப்பதும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். மேற்பரப்பில் பசைமண் குறைந்திருந்தால் சேர்த்து, நனைத்து, உருட்டிவிட்டால் புழுதி பாதியாவது அடங்கும். வேகத்தையும் குறையுங்கள். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி கிளப்பும் புழுதிக்கும் 15இல் போவது கிளப்புவதற்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். விழா நாளில் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர் தெளிக்கலாம். உங்கள் 300 சதுர மீட்டருக்கு 300 லிட்டர்; நல்ல வெயிலில் சில மணி நேரம் தாங்கும்.

கால்சியம் குளோரைடும் உண்டு. காற்றின் ஈரத்தை இழுத்துத் தளத்தை நனைவாக வைக்கும். சதுர மீட்டருக்கு 0.8 கிலோ அளவில் தூவுவார்கள். வெறும் ஜல்லித் தளத்தில் அது பிடிக்க எதுவுமில்லை. கனமழை கரைத்துக்கொண்டும் போய்விடும். மரங்களுக்கு உப்பு ஆகாது, வண்டி இரும்பும் துருப்பிடிக்கும். மரங்கள் நெருங்கி நிற்கும் பூங்காவுக்கு எங்கள் ஓட்டு தண்ணீருக்கும் வேகக் குறைப்புக்கும்தான்.

கேள்வி: பதினைந்து பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேலையை எப்படிப் பிரிப்பது?

பதில்: அதற்கு முன் இரண்டு விஷயம். சாலை யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தரைக்கடியில் மின்கம்பியும் குடிநீர்க் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று அவர்களிடமே கேட்டுச் சுண்ணாம்பால் கோடு போட்டுவையுங்கள். விளக்குக் கம்பங்களுக்கு இடையே கண்ணை மூடிக்கொண்டு கடப்பாரை போட வேண்டாம்.

நாலு பேராக மூன்று குழு அமையுங்கள். வெட்ட ஒருவர், கலந்து நனைக்க ஒருவர், சுமக்க ஒருவர், இடிக்க ஒருவர். இடிப்பவரைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மீதி மூவரில் இருவர் சாலையின் இரு முனையிலும் நின்று வண்டிகளை நிறுத்தட்டும். ஒருவர் கையில் மட்டப்பலகை. காலை முதல் கடைசிவரை அவர் ஒருவரே பார்க்கட்டும். ஆளுக்கு ஆள் மட்டம் பார்த்தால் சாலை ஆளுக்கொரு பக்கம் சாயும்.

மேலே சொன்ன அளவுள்ள குழிக்கு ஒரு குழுவுக்கு ஒரு மணி நேரம் வையுங்கள். அரை நாளில் பன்னிரண்டு குழிகள், 0.9 கன மீட்டர் கலவை. சிந்துவதற்கும் சேர்த்து 1.2 வரவழையுங்கள். ஆனால் சாலை முழுதும் 7.5 செ.மீ. கனத்துக்குப் புதிதாகப் பரப்ப ஆசைப்பட்டால் இடிக்குமுன் 29 கன மீட்டர் வேண்டும். 60 லிட்டர் தள்ளுவண்டியில் ஏறக்குறைய 480 நடை! அதற்கு எந்திரமும் ரோலரும்தான் சரி. தன்னார்வலர்களை வாய்க்காலுக்கும் வரப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்தூளில் சிலிக்கா இருக்கும், நுரையீரலுக்குக் கெடுதல். காய்ந்த தூளைக் கலக்கும்போது என்-95 முகக்கவசம் அணியுங்கள். கைக்குட்டை கட்டினால் போதாது.

கேள்வி: சிமென்ட் கான்கிரீட் போட்டு அடைத்தால் நிரந்தரமாகுமே?

பதில்: கான்கிரீட் அசையாது, சுற்றியுள்ள கிராவல் தேயும். சில மாதத்தில் சாலை நடுவே ஒரு திட்டும், அதைச் சுற்றி ஒரு புதுக் குழியும் மிஞ்சும். செங்கல் உடைசலும் அப்படித்தான். மழையில் பொடியாகும், அதோடு வரும் ஆணி டயரில் ஏறும்.

கேள்வி: குழியில்லாத இடத்திலும் சலவைப்பலகை மாதிரி வரிவரியாக இருக்கிறதே?

பதில்: வேகமும் வறட்சியும் பசைமண் குறைவும் சேர்ந்தால் வரும். பள்ளவரிகளை மட்டும் நிரப்பினால் சில நாளில் திரும்பிவிடும். வரியின் அடிமட்டத்துக்கும் 2, 3 செ.மீ. கீழே வரை கொத்திக் கிளறி, பசைமண் கலந்து, நனைத்து, சாய்வு கொடுத்து இறுக்க வேண்டும். மழை பெய்து ஓரிரு நாள் கழித்து, தரை ஈரமாகவும் சேறில்லாமலும் இருக்கும்போது இறங்கினால் தண்ணீர் செலவும் மிச்சம்.

கேள்வி: வேலை முடிந்து எப்போது வண்டியை விடலாம்?

பதில்: நன்றாக இடித்திருந்தால் அன்றே விடலாம். ஒரே தடத்தில் ஓடவிடாமல், வழியில் நாலைந்து கல்லையோ கூம்புகளையோ மாற்றி மாற்றி வைத்துச் சக்கரம் சாலை முழுவதும் ஏறும்படி செய்யுங்கள். முதல் மழை முடிந்ததும் மண்வெட்டியோடு ஒரு நடை போய், எங்காவது கையளவு தண்ணீர் நின்றாலும் அன்றைக்கே வழி வெட்டிவிடுங்கள்.